காலி நாற்காலியும் நம் பிள்ளைகளின் பட்டமும்

(சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பின்புறத் தெருவில், மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சின் சாயல் போகாமல் எழுதப்பட்டிருக்கிறது.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இன்றைக்கு நான் துணைவேந்தர் வேலை பார்க்கப்போகிறேன். சிரிக்காதீங்க. பேங்க் குமாஸ்தாவுக்கு எதுக்கு இந்த ஆசைன்னு நினைப்பீங்க. காரணம் இருக்கு.

வெளிநாடுகளில் பல்கலைக்கழகத் தலைவர்கள் அவ்வப்போது ஒரு கடிதம் எழுதுவார்கள். 'வளாகச் சமூகத்துக்கு' என்று தொடங்கும். பணம் எவ்வளவு இருக்கு, எந்தத் துறையில் ஆள் இல்லை, எந்த வழக்கு எங்கே நிற்குதுன்னு சொல்லுவாங்க. அதில் பூசி மெழுகுவதும் உண்டு. இருந்தாலும் சொல்ல ஒரு ஆள் இருக்கிறான், பொய் சொன்னால் பிடித்துக் கேட்கலாம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில், 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் கௌரியின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் கருத்துச் சொன்ன நாளிலும் காலியாகவே கிடந்தது. உயர்கல்வித்துறைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. குழு என்றால் நமக்குத் தெரியும். கேட்கப் போனால் இன்னொருத்தரைக் கைகாட்டும்.

நமக்கு எதுக்கு இந்தச் சேப்பாக்கத்து விவகாரம்? சொல்றேன்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள், கவுன்ட்டர் மூடுகிற நேரம். இந்தச் சந்தையில் இரும்புத் தூள் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் வந்து நின்றார். கையில் வடை மடித்துக் கொடுத்த செய்தித்தாள் துண்டு. "இன்னா தம்பி, யுனிவர்சிட்டி அக்கவுண்ட்டையே முடக்கிட்டாங்களாமே. எம்புள்ள கட்ன பரீட்சை ஃபீஸு அம்பேலா?" என்று கேட்டார். பையன் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறான். வியாசர்பாடியோ, பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயாவோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியோ, வகுப்பு எங்கே நடந்தாலும் பட்டத்தில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அந்த வீட்டில் முதல் பட்டம் அவனுடையது. நான் சட்டென்று, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். அது பதில் இல்லை. வீட்டுக்குப் போகிறவரை உறுத்தியது. இன்றைக்கு நான் பேசுவது அவருக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

கணக்கை முடக்குவது என்றால் என்ன? வருமான வரித்துறை வங்கிக்கு ஒரு தாள் அனுப்பும். இன்னார் எங்களுக்கு இவ்வளவு பாக்கி, அவர் பணத்தை வெளியே விடாதே என்று இருக்கும். நாங்கள் கணிப்பொறியில் குறி போட்டுவிடுவோம். பணம் திரையில் தெரியும். வரவு விழும். பற்று மட்டும் விழாது. எண்ணூர் கழிமுகத்தில் கூடு வைத்து நண்டு பிடிக்கிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அப்படிப் பல்கலைக்கழகத்தின் 37 கணக்குகள் முடங்கின. கேட்ட வரி 424 கோடி ரூபாய், 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு. சம்பளம், ஓய்வூதியம் தடுமாறி, ஆசிரியர்களும் ஊழியர்களும் சேப்பாக்கம் வளாகத்தில் போராடினார்கள்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு எதுக்கு வரி? இங்கேதான் விஷயம். அரசுப் பணத்தில் நடக்கிற கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு உண்டு. அரசுப் பணத்தில் நடக்குதுன்னு எப்படி முடிவு பண்ணுவது? மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்கணும். வருமான வரி விதியே அப்படித்தான். வரித்துறை கணக்கைப் புரட்டி, பாதிகூட இல்லையே, அப்புறம் எப்படி நீ அரசு நிறுவனம் என்று கேட்டது. தணிக்கை ஆட்சேபணை, கூடுதல் செலவு என்று மாநில அரசு தன் பக்கம் காரணம் வைத்திருந்தது. அவற்றில் நியாயமும் இருக்கலாம். ஆனால் மீதிப் பாதி எங்கேயிருந்து வந்தது? பரீட்சைக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், தொலைதூரக் கல்விக் கட்டணம். 1981-இல் தொடங்கின தபால் வழிக் கல்வியில் சேர்ந்தவர்கள் யார்? துறைமுகத்து எழுத்தர், மணலி கம்பெனி ஷிஃப்ட்காரர், என்னை மாதிரி குமாஸ்தா. அம்மா கம்மலை அடகு வைத்துத்தான் எனக்கு முதல் தவணை கட்டினாள். அந்தக் கம்மலும் அந்த மீதிப் பாதியில் இருக்கு.

ஆக, 'அரசுப் பல்கலைக்கழகம்' என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததைப் பாதிக்கு மேல் தாங்கியது கட்டணம் கட்டினவர்கள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது வரித்துறை. வெட்கக்கேடு.

இனி நாற்காலிச் சண்டை. இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், பேசிப் பேசி டி.வி.காரர்களே களைத்துப்போன கதை. தேடல் குழுவில் பல்கலைக்கழக மானியக்குழுவின் ஆள் வேண்டும் என்றார் ஆளுநர் ரவி, 2023 செப்டம்பரில் அப்படி ஒரு குழுவையும் அறிவித்தார். மாநில அரசு அந்த ஆளை விட்டுவிட்டுத் தன் குழுவை அறிவித்தது. துணைவேந்தரை அரசே நியமிக்கச் சட்டமன்றம் மசோதாக்கள் நிறைவேற்றியிருந்தது, அவை ஆளுநர் மாளிகையில் கிடந்தன. 2025 ஏப்ரல் 8-இல் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றார்கள். மே 21-இல் சென்னை உயர்நீதிமன்றம் நியமன அதிகாரத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 20-இல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக, அப்படி ஒப்புதல் பெற்றதாகக் கொள்வது கூடாது என்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்.

என்னைக் கேட்டால், ஓட்டு வாங்கி வந்த அரசு நியமிப்பதுதான் முறை. டில்லி அனுப்பிவைத்த ஒருவர் ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்து நம் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்தை வைத்து விளையாடக்கூடாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தோழர்களே, இரண்டு பக்கத்து வாதத்திலும் நாம் இருந்தோமா? மாநில உரிமை இருந்தது, மானியக்குழு விதி இருந்தது. இரும்புத் தூள் பெருக்கும் அக்காவின் பையன் எந்த மனுவில் இருந்தான்?

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆசிரியர்த் தேர்வுக்குத் தலைமை தாங்கவேண்டியவர் துணைவேந்தர். அவர் இல்லையென்றால் நிரந்தர நியமனம் நகராது. நியமனம் நகராவிட்டால், நமக்கான 18 விழுக்காடு, அதற்குள் 2009-இல் அருந்ததியருக்கு ஒதுக்கின 3, பழங்குடியினருக்கான 1, எல்லாம் தாளில் தூங்கும். காலியிடத்தில் இடஒதுக்கீடு கிடையாது. கௌரவ விரிவுரையாளர் என்று ஒருத்தரை அழைத்துக்கொள்வார்கள். நம் ஆட்கள் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு அந்தக் கௌரவத்தில் நரைத்துப்போகிறார்கள். நாற்காலி காலியாக இருக்கிற ஒவ்வொரு வருஷமும் யாருக்கோ வயது வரம்பு தாண்டுகிறது. இதற்கு எந்த நீதிமன்றத்திலும் இடைக்காலத் தடை கிடையாது.

பாபாசாகேப் 1927-இல் பம்பாய் சட்டசபைக்கு உறுப்பினராகப் போன புதிதில் பேசியவற்றில் ஒன்று பம்பாய் பல்கலைக்கழகச் சட்டத்திருத்தம் பற்றியது. பிற்படுத்தப்பட்டவர்களுக்கு செனட்டில் இடம் வேண்டும் என்று வாதாடினார். படிக்க இடம் கேட்பதோடு நிற்காமல், அந்தப் பல்கலைக்கழகம் எப்படி நடக்கணும்னு முடிவு பண்ணுகிற இடத்தைக் கேட்டார். பிறகு 1946-இல் அவரே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கினபோது, வேலைக்குப் போகிறவர்கள் படிக்கக் காலை வகுப்பு வைத்தார். குமாஸ்தாக்களை நினைத்த கல்வித் தலைவர் அவர். எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் வர இதுவும் ஒரு காரணம்.

கடிதம் பற்றிப் பேசினேன். தலைவர் மாணவருக்கு எழுதும் கடிதம் ஒன்று. மாணவர் தலைவருக்கு எழுதின கடிதமும் நம் காலத்தில் உண்டு. 2015 டிசம்பர் 18-இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்து ரோகித் வெமுலா தன் துணைவேந்தருக்கு எழுதினார். தலித் மாணவர்களைச் சேர்க்கும்போதே விஷமும் கயிறும் கொடுத்துவிடுங்கள் என்று இருந்தது அதில். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐவரில் ஒருவர். உதவித்தொகை மாசக்கணக்கில் நிலுவை. 2016 ஜனவரி 17-இல் செத்துப்போனார். அங்கே துணைவேந்தர் நாற்காலி காலியாக இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வருகிறவர் யாருக்குக் கணக்குச் சொல்வார் என்பதுதான் என் கேள்வி.

'வளாகச் சமூகம்' என்ற சொல்லில் நாம் எங்கே இருக்கிறோம்? மெரினாவைப் பார்த்து நிற்கும் அந்தச் செந்நிறக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் அதில் உண்டா? 2010-இல் தொடங்கின இலவசக் கல்வித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள்? கைம்பெண்ணின் பிள்ளை, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அதற்கு வரிசை உண்டு. இந்தத் தெருவிலேயே பாதிப் பேர் அந்த வரிசைதான். எத்தனை பேருக்கு இது தெரியும்? கையைத் தூக்குங்க. ...ரெண்டு பேர். இதைத்தான் சொல்றேன். நமக்குச் சொல்ல யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. சேப்பாக்கத்திலிருந்து சாத்தாங்காட்டுக்குக் கண்டெய்னர் லாரி வந்து சேர்கிறது, சுற்றறிக்கை வந்து சேரவில்லை.

துணைவேந்தர் வேலையில் என் பங்கு இவ்வளவுதான். அந்த மேசையில் வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி. ஆசிரியர் இடங்களில் பட்டியல் சாதிக்கு, பழங்குடிக்கு எத்தனை, துறைவாரியாக எத்தனை காலி? இலவசக் கல்வித் திட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எத்தனை பேர்? மாநில அரசு ஒவ்வொரு ஆண்டும் கொடுத்தது மொத்த வரவில் எத்தனை பங்கு? பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் நானே வாங்கி வந்திருக்கிறேன். ஒரே ஆள் அனுப்பினால் தூக்கிப் போடுவார்கள், இருபது பேர் தனித்தனியாக அனுப்பணும்.

முதல் மனுவை அந்த அக்காவின் பையன் எழுதிவிட்டான். நாலாவதாக அவனே ஒரு கேள்வி சேர்த்திருக்கிறான்: என் பட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவர் யார், அவரை நான் எந்த நாளில் நேரில் பார்க்கலாம்? வெட்டிவிடலாமா அண்ணே என்று கேட்டான். வேணாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.