சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்



ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பாக இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 2000 ஜனவரி முதல் அந்தப் பாதுகாப்பு முற்றாக முடிந்தது. இன்று வாடகைக்காரருக்குத் துணை, கையெழுத்திட்ட ஒப்பந்தமே.

வீட்டைக் காலி செய்யும்போது தகராறு பெரும்பாலும் வைப்புத்தொகையில்தான் கிளம்புகிறது. வழக்கமாக அது இரண்டு மாத வாடகை. அது திரும்பக் கிடைத்தால்தான் பல குடும்பங்கள் அடுத்த வீட்டுக்குப் பணம் கட்ட முடியும்.

அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறைப் பாசி, விட்டுச் செல்லும் பழைய மெத்தை ஆகியவற்றை அகற்றுவது குடியிருந்தவர் பொறுப்பு. சாமி விளக்கின் புகை படிந்த சுவரையும் துடைத்துத் தருவதே முறை. ஆனால் வெயிலில் மங்கிய சாயமும் நடந்து தேய்ந்த தரையும் இயல்பான தேய்மானம். அதற்காகப் பணம் பிடிப்பது நியாயமாகாது.

இரண்டையும் பிரித்துக் காட்டச் சாட்சி வேண்டும். குடியேறும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் தேதியுடன் படம் பிடித்து, குறைகளைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். காலி செய்யும் நாளிலும் இருவரும் சேர்ந்தே வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அப்படியும் பணம் வராவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறை இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே தனிநபர் அங்கு வழக்குத் தொடுக்கலாம்.

துடைப்பத்தைக் கடைசி நாளில் எடுத்தால் போதும். பேனாவை முதல் நாளிலேயே எடுக்க வேண்டும்.