எந்த மடையை அடைப்பது?



ஆப்பிரிக்காவில் சேட்சி ஈயின் கடியால் பரவும் கொடுநோயை உறக்கநோய் என்பர். திரிப்பனோசோமா புரூசி என்னும் ஒற்றையணு உயிரி குருதியிற் புகுந்து பெருகி, பின்னர் மூளையைப் பற்றி ஆளைக் கொல்லும். மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் தரப்பட்ட மெலார்சொப்ரோல், ஆர்செனிக்கு கலந்த மருந்து. அதனை ஏற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேர் நோயால் அன்று, மருந்தாலேயே மாண்டனர். பகைவன்மேல் வீசிய வாள் வீட்டுக்குரியவனையும் வெட்டியது! 2018இல் ஐரோப்பிய மருந்து முகமையின் இசைவுரை பெற்ற பெக்சினிடசோல் வில்லை அவ்விடரைப் பெரிதும் நீக்கியது. ஆயினும், பகையணுவை மட்டும் வீழ்த்தும் இடத்தைக் கண்டறிவது எவ்வாறு என்னும் வினா எல்லா நோய்க்கும் பொதுவாய் நிற்கின்றது.

குருதியில் வாழும் இவ்வொட்டுண்ணி, குளுக்கோசைப் படிப்படியாகச் சிதைத்தே உயிர்ப்பாற்றல் பெறுகின்றது. அதற்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் உண்டு. முதல் ஏழு படிகள் கிளைக்கோசோம் என்னும் நுண்பைக்குள் நிகழ்வதை 1977இல் ஆப்பர்டூசும் போர்சுட்டும் கண்டனர்.

இவற்றுள் எதனைத் தடுப்பது? ஒரு வழித்தடத்தைக் கடிவாளமிட்டு நடத்துவது ஒரே நொதியம் என்று நெடுங்காலம் கருதினர். அக்கருத்தை 1973இல் எடின்பரோவில் கேச்சரும் பர்ன்சும், 1974இல் பெர்லினில் ஐன்ரிக்கும் இராப்போபோர்ட்டும் தகர்த்தனர். ஓட்டத்தின் மீதான ஆளுமை பல படிகளுக்கும் பங்காகிக் கிடக்கின்றது. எப்படிக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும் என்று அவர்கள் நிறுவினர்.

ஒரே வாய்க்காலில் பத்து மடைகள் வரிசையாய் இருப்பதாகக் கொள்க. அகன்ற மடையைப் பாதி அடைத்தாலும் கடைமடைக்கு நீர் குறையாது. குறுகிய மடையைச் சற்றே அடைத்தாலும் கழனி காயும்.

1997இல் பாக்கரும் அவர்தம் குழுவினரும் இவ்வொட்டுண்ணியின் நொதியங்கள் ஒவ்வொன்றின் விரைவையும் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியில் ஓட்டினர். தலையாயவை என எண்ணப்பட்ட எக்சோகைனேசு முதலிய மூன்று நொதியங்கள் தேவைக்கு மேல் மிகுந்திருந்தன! அவையே அகன்ற மடைகள். குளுக்கோசை உயிரணுவின் உள்ளே கொணரும் வாயிலே குறுகிய மடை. 2005இல் நொதியங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு, மிகுதி உண்மையே, ஆனால் கணக்கு காட்டிய அளவினும் குறைவே என்று காட்டியது. கணக்கை ஆய்வு திருத்தியது. இதுவன்றோ அறிவியலின் நேர்மை!

2017இல் மற்றொரு முடிவு வந்தது. மாந்தனின் குருதிச் சிவப்பணுவும் குளுக்கோசையே நம்பி வாழ்வது. இரண்டின் வழித்தடங்களையும் ஒப்பிட்டுக் கணித்தபோது, பகைவனை மிகுதியாகவும் நம்மைக் குறைவாகவும் தாக்கும் இடங்களுள் ஒன்றாக அவ்வாயிலே தேறியது. ஆய்வகத்தில் வாயிலை அடைக்கும் பொருள்கள் ஒட்டுண்ணியைக் கொன்றன. சிவப்பணுவும் நரம்பணுவும் கல்லீரல் அணுவும் பிழைத்தன.

ஆய்வகத்தில் வென்றது மருந்தாக நெடுந்தொலைவு செல்ல வேண்டும். எனினும் வழி புலப்பட்டுவிட்டது. பகைவனும் நாமும் ஒரே கருவிகளைக் கொண்டிருப்பினும், அவற்றின் அளவு வேறு. அளவு வேறாயின் வலுவற்ற இடமும் வேறு. அளந்தறியாது ஓங்கும் கை, நோயாளியையும் சாய்க்கும். அளந்தறிந்த கையே அவனைக் காக்கும்!