நம் முன்னோர் பெயர் எழுதப்பட்ட இடங்கள்



சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் இது. அறுபத்து மூவர் வரலாற்றைப் பாடிய அவர், நந்தனார் வரலாற்றையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஆயினும், நம் பாட்டனாருக்குப் பாட்டனார் யார் என்று கேட்டால் குன்றத்தூரில் நம்முள் எத்தனை பேர் விடை சொல்வோம்? 'உங்களுக்கு வரலாறு ஏது?' என்று பிறர் கேட்கின்றனர். நாமும் வாளாவிருந்து விடுகிறோம். அவ்வளவு ஏன்? இம்மலருக்காகத் தேடியபோது, நம் சங்கத்தின் முதலாண்டு நடவடிக்கைக் குறிப்பேடே கிடைக்கவில்லை! கழிந்தவை இருபத்தைந்து ஆண்டுகள்தாம்.

நம்மவர் எழுதாமல் போய்விடவில்லை. இதே செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தம் வாழ்க்கையைத் தாமே எழுதி 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என வெளியிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' மறு ஆண்டே 'தமிழன்' ஆயிற்று. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஏட்டை அளித்த செய்தியை அவ்விதழில் பண்டிதர் பதிந்து வைத்தார். பேரன் எழுதாதிருப்பின் அந்தப் பட்லரின் பெயரை இன்று யார் அறிவார்?

'தமிழன்' ஏடுகள் நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடந்தன. அன்பு பொன்னோவியம் போன்றோர் அவற்றைக் காத்து வைத்தமையால் அன்றோ, ஞான அலாய்சியஸ் 1999-இல் அவ்வெழுத்துகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது! நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவர் நூல் பொதுவுடைமை. பண்டிதர் 1914-இலும் சீனிவாசன் 1945-இலும் மறைந்தனர். அவர்தம் எழுத்தை நாம் எவரையும் கேளாது படியெடுக்கலாம், அச்சிடலாம். பின்னாளைய பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்பும் மட்டும் அவருக்கே உரியவை. பழைய நூல்களைத் தேடுவோர் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்குச் செல்க, இங்கிருந்து தொலைவன்று.

பிறர் எழுதிய ஏடுகளிலும் நாம் இருக்கிறோம். 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டோரின் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலிலுள்ள தழும்பு வரை குறித்திருக்கிறார்கள். நம்மீது கொண்ட பரிவினாலன்று. ஆள் தப்பிவிடக் கூடாதென்று! காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களாதலின், வாய்விட்டுப் படித்தால்தான் விளங்கும்.

இது வெறும் பழம்பெருமையன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் பின், 1892 அரசாணையால் பஞ்சமி நிலங்கள் நமக்கென ஒதுக்கப்பட்டன. அந்நிலங்களை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். எந்த நிலம் எவர் பெயரில் இருந்தது என்பதற்குப் பழைய பதிவேடும் பட்டாவுமே சான்று. ஆகவே, வீட்டுத் தகரப் பெட்டியிலுள்ள தாளைப் பொங்கலுக்கு முன் பழங்குப்பையென்று கொளுத்தி விடாதீர்கள்.

இளைஞர்களே, வரும் ஞாயிறன்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தெருவின் மூத்த பாட்டியிடம் போய் அமருங்கள். அவர் பிறந்த ஊர், தாய் வீட்டார் பெயர்கள், எந்தப் பஞ்சத்தில் எவர் எங்கே போனார் என்பவற்றை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். ஒரு படி சங்க அலுவலகத்திற்கு வரட்டும்.