ஆய்வுக்கூடமும் ஆலையும்: பி.எச்டி. படிக்கும் நம் பிள்ளைகளுக்கு

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டுதல் கூட்டத்தில் ஆற்றிய உரை)





எம்.எஸ்ஸி. முடித்த பிள்ளை பி.எச்டி. சேர வேண்டும் என்றால், "இன்னும் அஞ்சு வருஷமா? சம்பாத்தியம் எப்போ?" என்று வீட்டில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். சிறுபான்மை மாணவர்களுக்காக 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்குக் கிடையாது என்றாகிவிட்டது. எனவே படிக்கும்போதே தொழிலோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் வழியைப் பார்க்க வேண்டும். உணவுத் துறையில் அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

உணவு எதனால் கெட்டியாகிறது, எதனால் நொறுங்குகிறது, எத்தனை நாள் தாங்கும் என்று ஆராய்வதுதான் இந்தப் படிப்பு. நோன்புக் கஞ்சி சூட்டில் குழைந்து, ஆறியதும் இறுகுவது அரிசி மாவுச்சத்தின் குணம். இஃப்தாருக்குச் செய்யும் கடல்பாசி உறைவதும் இதே அறிவியல்தான். மிட்டாயிலும் மாத்திரை உறையிலும் உள்ள ஜெலட்டின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்று நாம் தேடிப் பார்க்கிறோம் அல்லவா? அதற்கு ஈடான ஹலால் பொருளை உருவாக்குவதும் இந்தத் துறையின் வேலையே.

நம் கொல்லிமலையையே பாருங்கள். இங்கே விளையும் மரவள்ளி ராசிபுரம், நாமக்கல், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, மாவைப் படியவைத்து, உருட்டி, வறுத்து, காயவைத்தால் ஜவ்வரிசி. மாவின் ஈரம் சற்று மாறினாலும் உருண்டையின் தன்மை மாறிவிடும். சாமையின் உமியை நீக்குவதும் சிரமம். பெண்கள் உரலில் குத்திய காலத்துக்குப் பிறகு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அரவை இயந்திரங்களைக் கொண்டுவந்தது. அதிகம் தீட்டினால் சத்து போகிறது. தவிட்டோடு அரைத்தால் அதிலுள்ள எண்ணெயால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் பார்த்ததை ஆலையில் டன் கணக்கில் பார்த்தால்தான் இந்தச் சிக்கல் முழுதாகப் புரியும். வாரம் ஒன்றிரண்டு நாள் ஆலையில் பயிற்சி பெறுவதன் பயன் இதுதான்.

இது புதிய யோசனை அல்ல. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சி.எஸ்.ஐ.ஆர். கூடங்களில் அக்சிர் வழியாக பி.எச்டி. செய்பவர்கள், சில வாரங்கள் கிராமப்புறத் திட்டமொன்றைச் செய்தாக வேண்டும். 2012இல் தொடங்கிய பிரதமர் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் பாதியை அரசும் பாதியை ஒரு தொழில் நிறுவனமும் தந்தன. தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கிறது, அங்கும் பி.எச்டி. உண்டு. எந்தத் திட்டம் இப்போது நடக்கிறது என்று சேருமுன் கேட்டறியுங்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, முழுநேர உதவித்தொகை வாங்குபவர் வேறு சம்பளம் வாங்கப் பொதுவாக அனுமதி இல்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடமும் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

இரண்டு, ஆலையில் கண்டறிந்ததை ஆய்வேட்டில் எழுதலாமா, காப்புரிமை யாருக்கு என்பதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் பட்டமே தள்ளிப்போகும்.

மூன்று, பகுதிநேரப் பயிற்சி வேறு, பகுதிநேர பி.எச்டி. வேறு. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுடன் பகுதிநேரமாகச் சேர 2022ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. விதி இடமளிக்கிறது.

நான்கு, பெண் பிள்ளைகள். அதே விதிப்படி ஆய்வுக்கான உச்ச காலம் 6 ஆண்டு; பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகையும், 240 நாள் வரை பேறுகால விடுப்பும் உண்டு. "கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும்" என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். பகல் நேர வேலையா, போய்வர வசதி உண்டா, தொழுகைக்கு இடம் உண்டா என்று விசாரித்து அனுப்புங்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் அரிசி மண்டி, மளிகை, பேக்கரி, மிளகு வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் சரக்கில் வண்டு, பூஞ்சை, ஈரம் என்று தீராத தொல்லை இருந்தால், ஆய்வு செய்யும் பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். அவருடைய பஸ் செலவையும் சாப்பாட்டையும் நம் கல்வி நிதி ஏற்கலாம். பிள்ளைக்கு அனுபவம் கிடைக்கும். உங்கள் நஷ்டமும் குறையும்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.