பகல் மின்சாரம் யாருக்கு?



எரிசக்தி விலையையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தையும் பேசும் இந்தக் கருத்தரங்குக்கு அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். நிலவியலாளர்கள் இவ்வூரின் பெயரை ஒரு பாறை அடுக்குக்கே சூட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலின் சிப்பி ஓடுகள் அதில் திட்டுத் திட்டாகச் செறிந்திருக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் ஓடுகின்றன. ஆலைகளைச் சுற்றிலும் கரிசல் காடு. சோளமும் பருத்தியும், பெரம்பலூர்ப் பக்கம் போனால் சின்ன வெங்காயமும். ஆலைக்கும் கரண்ட் வேண்டும், கிணற்று மோட்டாருக்கும் வேண்டும்.

நம் மின்கட்டணக் கொள்கை இதுவரை ஒரு கேள்வியையே சுற்றி வந்திருக்கிறது: யூனிட் என்ன விலை? அது எந்த மணியில் கிடைக்கிறது என்பதை நாம் போதிய அளவு கேட்கவில்லை. இன்றைய என் உரை முழுவதும் இந்த ஒரு குறையைப் பற்றியதுதான்.

முதலில் வரலாறு. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் இயக்கம் வளர்ந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1989–91 ஆட்சிக் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமை அது. மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் விவசாயி ஏன் பதறுகிறார் என்று வியக்கும் அதிகாரிகள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். சட்டமும் இலவசத்தைத் தடுக்கவில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, அரசு சலுகை அறிவித்தால் அதற்கான பணத்தை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும் என்கிறது. ஆகவே சலுகை தருவது குற்றமல்ல. பணத்தைக் கட்டாமல் கடனாக ஏற்றிவைப்பதுதான் குற்றம். நம் மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது.

இனி மணிக் கணக்குக்கு வருகிறேன். 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலை முயற்சி இன்று பல ஆயிரம் மெகாவாட்டாகப் பெருகியிருக்கிறது. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. நண்பகலில் சூரிய மின்சாரம் வெள்ளமாக வருகிறது; மாலை ஆறு மணிக்கு மேல், வீடுகள் விளக்கேற்றும் வேளையில், வடிந்துவிடுகிறது. வரும் நேரத்தில் வாங்க ஆளில்லாமல் சூரிய நிலையங்களை நிறுத்தச் சொன்ன நாள்களும் நம் மாநிலத்தில் உண்டு. மின் கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் அப்படி நிறுத்தியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. விளையும் மின்சாரத்தை வேண்டாம் என்கிறோம். அந்த வேண்டாமைக்கும் விலை கொடுக்கிறோம்.

இதே அரியலூர் மாவட்டத்தில் விவசாயி, மோட்டாரை ஓட்டும் மும்முனை மின்சாரத்துக்காக இரவில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடக்கிறார். பகலில் சில மணி, இரவில் சில மணி என்று முறை வைத்துக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அனல் மின் நிலையங்களின் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது: இரவில் தேவை குறைவு, உலையை எளிதில் அணைக்கவும் முடியாது. அந்தக் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. பாம்புக்கடிக்கும் மின் அதிர்ச்சிக்கும் இடையே நின்று பாய்ச்சும் தண்ணீருக்கு, நாம் பகலைவிட விலை கூடிய மின்சாரத்தைச் செலவிடுகிறோம்.

ஒன்றிய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் 20 விழுக்காடாவது குறைய வேண்டும் என்றது, வேளாண்மையை விலக்கிவைத்தது. கட்டணமே இல்லாத இடத்தில் கட்டணத்தைக் குறைத்துக் காட்ட வழியில்லைதான். ஆனால் விவசாயிக்கு விலையை மாற்ற வேண்டியதில்லை, மீட்டர் வைக்க வேண்டியதில்லை. வேளாண் மின் பாதையைத் தனியே பிரித்து, காலை எட்டு மணி தொடங்கி மாலை வரை தடையின்றி மும்முனை மின்சாரம் கொடுத்தால் போதும். இலவசம் இலவசமாகவே இருக்கும்; அரசின் செலவு குறையும்; விவசாயி இரவில் உறங்குவார். இதனால் நிலத்தடி நீர் கூடுதலாக உறிஞ்சப்படுமா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. கிணறு கிணறாகப் பார்த்து விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

ஆலைகளுக்கும் இது பொருந்தும். சிமெண்ட் சூளையை நினைத்தபோது நிறுத்த முடியாது, அரவையை நிறுத்தலாம். சூளையில் சுட்டெடுத்த கிளிங்கரைச் சேமித்துவைத்து, வெயில் நேரத்தில் அரைக்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தூய சுண்ணாம்புக் கல் ஒரு டன் சுடப்பட்டால் 440 கிலோ கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. எத்தனை காற்றாலை நட்டாலும் அது குறையாது.

கடைசியாக நிலம். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்கென்று 1990களில் நிலம் எடுத்தார்கள். மின் நிலையம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகளில் ஒரு தலைமுறை கழிந்தது. அதன் பிறகே அரசு நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித்தர முன்வந்தது. சூரியப் பலகைக்கும் நிலம் வேண்டும். முந்திரிக் காட்டையும் புஞ்சையையும் தொடுவதற்கு முன், ஆலைகள் தோண்டி முடித்துப் போட்ட சுரங்க நிலங்களில் எவ்வளவு பயன்படும் என்று அளந்து சொல்லுங்கள். அந்தக் கணக்கை இந்தக் கருத்தரங்கிலிருந்து நான் எதிர்பார்க்கிறேன்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாநிலச் சராசரிகளோடு நிறுத்தாதீர்கள். எந்தத் துணை மின் நிலையம், எந்த ஊர்ப் பாதை, எத்தனை மணி என்று எழுதுங்கள். பின் வரிசையில் அமர்ந்திருக்கும் விவசாயிகள் உங்கள் எண்களைத் திருத்துவார்கள். அவர்களுக்குப் பேச நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வு வேளாண் மின் பாதைகளைப் பற்றியது. கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.