பழைய வண்டியும் எஃப்.சி.யும்



சித்தூர் பக்கம் பழைய டாக்சி, வேன், ஆட்டோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நம்பர் பிளேட்டில் 'ஏ.பி. 03' என்று இருக்கும். அது சித்தூர் மாவட்டத்தின் பழைய எண். 2019-ல் ஆந்திரா முழுவதும் புது வண்டிகளுக்கு 'ஏ.பி. 39' என்று ஒரே எண் வந்தது. ஆகவே 'ஏ.பி. 03' வண்டிகள் எல்லாம் இன்று வயதான வண்டிகள்தான்.

எஃப்.சி. நாள் நெருங்கினால் வண்டிக்காரருக்குத் தூக்கம் வராது. "பழைய வண்டி ஆயிற்றே, பாஸ் ஆகுமா?" என்பதுதான் கவலை. பாஸ் ஆகாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

எஃப்.சி. என்றால் என்ன?

வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் சான்றுதான் எஃப்.சி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு இதைச் சொல்கிறது. வாடகைக் கார், ஆட்டோ, வேன், லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். இது இல்லாத வண்டி, பதிவே செய்யாத வண்டிக்குச் சமம். அபராதம் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

புது வண்டிக்கு எஃப்.சி. 2 ஆண்டு செல்லும். பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். 8 வயது தாண்டினால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் சொந்தக் காருக்கு விதி வேறு. அதன் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எதைப் பார்ப்பார்கள்?

பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, புகை. இவைதான் முக்கியம். காரின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆட்டோவுக்கு 0.8 மில்லிமீட்டர்.

வண்டியின் வயதை மாற்ற முடியாது. ஆனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் சரி செய்ய முடியும். பல்பு எரியவில்லையா? மாற்றலாம். பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டதா? புதிது போடலாம். அவ்வப்போது பார்த்து வந்தால் செலவு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எஃப்.சி.க்கு முதல் நாள் பார்த்தால் எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போதுதான் கடன் வாங்க வேண்டி வருகிறது.

சிலர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். எஃப்.சி. அன்று மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள். சான்று கைக்கு வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அதே மொட்டை டயரில் திருமலைக்குச் சவாரி போவார்கள்.

மலைப் பாதையில் என்ன ஆகும்?

திருமலைக்கு முதல் மலைச்சாலை 1944-ல் திறக்கப்பட்டது. இன்று அந்தச் சாலை இறங்குவதற்கு. பின்னால் போட்ட இரண்டாவது சாலை ஏறுவதற்கு. இறங்கும் சாலையில் வளைவுக்கு மேல் வளைவு. டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங்கும் டிரம்மும் கொதிக்கும். சூடு ஏற ஏறப் பிரேக் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். சூட்டில் அது ஆவியாகிவிடும். அப்போது மிதித்தால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. உள்ளே இருப்பதோ குழந்தை குட்டிகளோடு வந்த குடும்பம்.

ஆகவே சிறிய கியரில் இறங்க வேண்டும். பிரேக் ஆயிலைக் காலத்தோடு மாற்ற வேண்டும். இதையெல்லாம் எஃப்.சி. தாள் செய்யாது. பார்த்த அன்று வண்டி நன்றாக இருந்தது என்று மட்டுமே அந்தத் தாள் சொல்லும். மற்ற நாட்களுக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு.

இங்கிலாந்தில் 1960-ல் இப்படி ஒரு சோதனை தொடங்கியது. முதலில் 10 ஆண்டு ஆன வண்டிகளுக்கு மட்டும்தான். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் பார்த்தார்கள். நிறைய வண்டிகள் தேறவில்லை. உடனே 1961-ல் 7 ஆண்டு ஆன வண்டிகளுக்கும் சோதனை வந்தது. 1967-ல் 3 ஆண்டு ஆன வண்டிகளுக்கும் வந்தது. 3 ஆண்டு ஆன வண்டியிலும் கோளாறு இருக்கலாம். கவனித்த பழைய வண்டி நன்றாகவும் ஓடலாம்.

படித்துப் பாருங்கள்

எழுத்துத் தெரியாத காலத்தில் எல்லாத் தாளையும் புரோக்கர் கையில் கொடுத்தோம். அவர் சொன்னதுதான் தேதி, அவர் சொன்னதுதான் காரணம். இனி அப்படி வேண்டாம். எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றிலும் முடியும் தேதி இருக்கும். எண்களை நாமே படிக்கலாம். வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம் போடலாம். ஒரு மாதம் முன்பே மெக்கானிக்கிடம் போகலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டிக்கு எஃப்.சி. தர மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதே 56-வது பிரிவு இதையும் சொல்கிறது. மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, என்ன குறை என்று எழுதிக் கொடுங்கள்." அந்தத் தாளை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். பிரேக் என்று எழுதியிருந்தால் பிரேக்கைச் சரி செய்யுங்கள். விளக்கு என்று எழுதியிருந்தால் விளக்கைச் சரி செய்யுங்கள். பிறகு மீண்டும் வண்டியைக் காட்டுங்கள். எழுதாத குறைக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.