காப்புறுதி அட்டையும் அன்னையின் உயிரும்

(அஜின்கோர்ட்டில் பெற்றோர், இளையோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். கணினித் துறையில் பணிபுரியும் ஒரு தொண்டன். எனினும், நம்மவருக்கு விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கையில் ஓர் உண்மையை உணர்ந்தேன். கனடாவில் மருத்துவம் இலவசம் என்பது பாதி உண்மையே. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணின் சிகிச்சையை அவரது காப்புறுதி நிலையும் தீர்மானிக்கின்றது.

முதலில், ஓஹிப் அட்டை உடையோர். ஒன்ராறியோவில் 2024 ஒக்ரோபர் முதல், 40 தொடக்கம் 74 வயது வரையான பெண்கள் வைத்தியரின் கடிதமின்றியே மமோகிராம் பரிசோதனைக்குப் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் மருத்துவமனையில் ஏற்றப்படும் மருந்தும் இலவசமே. ஆயினும், வீட்டில் உட்கொள்ளும் புற்றுநோய் மாத்திரைகளுக்கு ஓஹிப் பணம் செலுத்துவதில்லை. அல்பேர்ட்டாவும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் அவற்றை இலவசமாக வழங்குகின்றன. இங்கோ, 65 வயதுக்குட்பட்டோர் பெரும்பாலும் வேலைத்தலக் காப்புறுதியையே நம்பியுள்ளனர். புதிய மாத்திரைகள் சிலவற்றுக்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கான டொலர் தேவை. வேலைத்தலக் காப்புறுதி இல்லாதோர், தாமதியாது ட்ரில்லியம் மருந்துத் திட்டத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப நிகர வருமானத்தில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை நாம் செலுத்தியபின், அத்திட்டம் ஏற்கும் மருந்துகளின் செலவு பெரிதும் குறையும்.

அடுத்து, அகதிக் கோரிக்கையாளர். இவர்களுக்கான இடைக்காலக் கூட்டாட்சிச் சுகாதாரத் திட்டத்தை 2012இல் அரசு வெட்டியது. அவ்வெட்டு கொடுமையானது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2016இல் திட்டம் மீட்கப்பட்டது. எழுப்பிய குரல் வீண்போகவில்லை.

இறுதியாக, சூப்பர் விசாவில் வரும் நம் பெற்றோர். இவர்களுக்கு ஓஹிப் இல்லை. குறைந்தது 100,000 டொலர் தனியார் காப்புறுதி கட்டாயம்; ஆனால் அது பெரும்பாலும் அவசர நோய்க்கே உதவும். முன்பே இருந்த நோயையும் நீண்ட புற்றுநோய்ச் சிகிச்சையையும் பெரும்பாலும் ஏற்காது. "பிள்ளைக்குச் செலவு வைக்கக்கூடாது" என்றெண்ணி, மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மறைக்கும் தாய்மாரும் உளர். மௌனமாகக் கழியும் மாதங்களில் நோய் வளர்கின்றது.

ஆகவே இளையோரே, அம்மாவுக்கு விமானச் சீட்டு எடுக்குமுன், ஊரிலுள்ள சுகவனிதையர் கிளினிக்கில் அவரைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். நோய் காணப்பட்டால், தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் அரச சிகிச்சை இலவசம். இங்கு வந்தபின் ஐயம் எழுந்தால், ஓஹிப் இல்லாதோரையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்களை நாடுங்கள்.

இன்றிரவு வீடு சென்றதும் அன்னையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பரிசோதனை செய்தீர்களா? மருந்துக்குக் காப்புறுதி உண்டா? கூச்சத்திற்கு அஞ்சி உயிரை இழக்க வேண்டாம்.